அம்மை கண்ட வீட்டில் மருந்தைப் பற்றிப் பேசுவது எப்படி?

பயிற்சி மருத்துவர்:
ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பயிற்சியில் இருக்கிறேன். சென்ற வாரம் ஆறு வயதுச் சிறுவனுக்குச் சின்னம்மை கண்டிருப்பதாக அறிந்து, கிராம சுகாதார செவிலியருடன் அந்த வீட்டிற்குச் சென்றேன். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. சிறுவனின் தாய் எட்டு மாதக் கர்ப்பிணி. இது வைரஸ் தொற்று என்று விளக்கத் தொடங்கியதுமே, "அம்மா வந்திருக்கிற வீட்டில் ஊசி மருந்துப் பேச்சு வேண்டாம்" என்று அவருடைய மாமியார் எங்களைத் திண்ணையிலிருந்தே அனுப்பிவிட்டார். சிறுவனுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால் கர்ப்பிணிக்கு நுரையீரல் அழற்சி வரலாம்; பிரசவத்திற்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் தோன்றினால், பிறக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. இதை அவர்கள் மனம் புண்படாமல் எப்படிச் சொல்வது? நோயாளியிடம் பேசும் முறையை 2019 முதல் கல்லூரிகளில் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். அதில் மாரியம்மனுக்கு இடமில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர்:
டாக்டர், "முத்துப் போட்டு எத்தனை நாளாயிற்று, அம்மா?" என்று தொடங்கியிருந்தால் உங்களை உட்காரச் சொல்லியிருப்பார்கள். பணியில் இருந்தவரை அந்த வீடுகளில் நான் கொப்புளம் என்ற சொல்லையே எடுத்ததில்லை. அவர்கள் கடைப்பிடிப்பதைச் சற்றுக் கவனியுங்கள்: வெளியார் உள்ளே வருவதில்லை, பிள்ளை வெளியே போவதில்லை, தனிப் பாய், இளநீர், கூழ், தாளிக்காத சாப்பாடு. நாம் தனிமைப்படுத்தச் சொல்வதில் பெரும்பகுதியை அவர்களே செய்துவிடுகிறார்கள்.

சிக்கல் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதில்தான் வருகிறது. சில வீடுகளில் மூன்றாம் நாளே முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிள்ளையைத் தெருவில் விளையாட விட்டுவிடுவார்கள். "எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டட்டும், அதன் பிறகு ஊற்றலாம்" என்று நான் சொன்னபோது யாரும் மறுத்ததில்லை. கர்ப்பிணியைப் பயந்துபோய்த் தாய்வீட்டிற்கு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முத்துத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடுவதால், அவர் போகும் வீட்டிற்கும் அதைக் கொண்டுபோகக்கூடும்.

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மாணவர்:
அந்த மாமியாரின் அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். வேப்பிலை, முத்து, தண்ணீர் ஊற்றுதல் ஆகிய இந்தச் சொற்களும் சடங்குகளும் பெரியம்மையோடு வாழ்ந்த காலத்திலிருந்து வருபவை. கண்டவர்களில் பத்துக்கு மூவரைக் கொன்ற அந்த நோய்க்கு மருந்தே கிடையாது என்பதால், குளிர்ச்சியாக வைத்து, தொந்தரவு செய்யாமல், வேண்டிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அன்று ஒரு குடும்பத்திற்கு வேறு வழி இருக்கவில்லை. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு பெரியம்மை மறைந்தது. 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். நோய் போய்விட்டது, அதற்குரிய கட்டுப்பாடுகள் சின்னம்மைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

ஒரு பழைய முயற்சியையும் சொல்ல வேண்டும். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அம்மைப்பால் (பசுவின் அம்மையிலிருந்து வந்த பெரியம்மைத் தடுப்பு மருந்து) குத்திக்கொள்ள மக்களை இணங்கவைப்பதற்காக, தேவியே தன்வந்திரிக்கு அதை எடுத்துச் சொல்வதாக ஓர் உரையாடலைத் தமிழில் எழுதினார். பசு தரும் ஐந்து பொருள்களோடு இது ஆறாவது என்பது அதன் வாதம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் கருத்தை அம்மன் வாயில் வைத்துப் பேசுவது வேறு, அந்த வீட்டார் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேசுவது வேறு. பண்பாட்டை மருந்துக்கு மேல் பூசும் சர்க்கரையாக மட்டும் கருதினால், மக்கள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள்.

பொது மருத்துவர்:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் இணக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாள்கள் ஓடிவிடக் கூடாது. கர்ப்பிணிக்கு முன்பு அம்மை வந்ததில்லை என்றால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில், தொடர்பு ஏற்பட்ட பத்து நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்பொருள் மருந்து) கொடுக்க வாய்ப்பு உண்டு. கர்ப்ப காலத்தில் சின்னம்மைத் தடுப்பூசி போடக் கூடாது. பெரியவர்களுக்கு நோய் கண்டால், அசைக்ளோவிர் மாத்திரையை முதல் 24 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தெரியும். சிறுவனின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, பாராசிட்டமால் போதும். மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை மட்டும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுங்கள். அதில் யாரும் புண்பட மாட்டார்கள்.

பயிற்சி மருத்துவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை மீண்டும் சென்று, முத்து எத்தனை நாளாக இருக்கிறது என்றுதான் தொடங்கினேன். மாமியாரே பாயை எடுத்துப் போட்டார். மருமகளுக்குச் சிறுவயதில் தாய்வீட்டில் அம்மை கண்டு மூன்று தண்ணீர் ஊற்றியதாகவும், நெற்றியில் இன்னும் தழும்பு இருப்பதாகவும் சொல்லி, அவரை அழைத்துக் காட்டினார். எதிர்ப்பொருள் சோதனைக்கு நாளை வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தமக்கு இதுவரை அம்மை கண்டதே இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னவர் அந்த மாமியார்தான். இரவெல்லாம் பேரனுக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருப்பவரும் அவரே. தமக்கு முத்துப் போட்டால் அன்றைக்கே ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.