அல்சர் ஓட்டை: நடுவில் வலி குறைந்தால் ஆபத்து போய்விட்டதா?

நர்சிங்_மூன்றாமாண்டு:
முன்சிறுகுடல் அல்சரில் ஓட்டை விழுந்தால் கத்தியால் குத்தியதுபோல் வலி வரும், வயிறு பலகைபோல் இறுகும். ஆனால் ஆறேழு மணி நேரத்தில் வலி தணியலாம் என்றும் படிக்கிறோம். ஓட்டை தானே அடைபடுகிறதா? ஓட்டை வழியே வெளியேறிய காற்று எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்றால் ஓட்டை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அறுவை_அரங்கு:
இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கசிவது அமிலமும் பித்தநீரும். அவை வயிற்று உறையைச் சுடுவதால்தான் அந்த வலி. உறையிலிருந்து ஊறும் நீர் அமிலத்தை நீர்க்கச் செய்ததும் வலி மட்டுப்படும், இறுக்கமும் சற்றுத் தளரும். ‘வாயுப்பிடிப்புதான், சோடா குடித்ததும் கேட்டுவிட்டது’ என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவது இந்த நேரத்தில்தான். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். 12 மணி நேரம் தாண்டினால் வயிறு உப்பும், சிறுநீர் குறையும், இரத்த அழுத்தம் சரியும். ஆகவே வலியை நம்பாதீர்கள், நாடியைப் பாருங்கள். வலி குறைந்தும் நாடி 110, 120 என்று ஏறினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒமென்டம் என்னும் கொழுப்புத் திரை சிலருக்கு ஓட்டையில் ஒட்டி அடைப்பது உண்மைதான். அதை ஸ்கேனில் உறுதிசெய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது.

எக்ஸ்ரேக்கு முன் பத்து நிமிடமாவது நிமிர்த்தி உட்கார வையுங்கள். அப்போதுதான் காற்று மேலே ஏறி, வலது உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவில் பிறைபோல் கருங்கீற்றாகத் தெரியும். அப்படி எடுத்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் சி.டி.தான்.

நர்சிங்_மூன்றாமாண்டு:
நன்றி சார். அதுவரை மாத்திரை விழுங்க ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாமா?

அறுவை_அரங்கு:
ஒரு சொட்டும் கூடாது, குடிப்பது ஓட்டை வழியே வெளியே கொட்டும். மூக்கு வழியே இரைப்பைக்குள் போகும் ரைல்ஸ் ட்யூப் போட்டு இரைப்பையைக் காலி செய்து, நரம்பு வழியே திரவம், ஆன்டிபயாட்டிக், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். சிறுநீர்க் குழாய் போட்டு மணிக்கணக்கில் அளவு எழுதுங்கள்: 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். அறுவையில் ஓட்டைமேல் ஒமென்டத்தை வைத்துத் தைத்து, வெதுவெதுப்பான சலைன் விட்டு வயிற்றைக் கழுவுவோம்.

வார்டு_சிஸ்டர்:
ஒன்று சேர்க்கிறேன். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் ஸ்டீராய்டும் சேர்த்துச் சாப்பிடும் முதியவர்களுக்கு வயிறு பலகையாகாமலே போகலாம். சோர்வும் குழப்பமும் மட்டும் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள் பாப்பா.

அறுவை முடிந்து ஐந்தாறு நாளில் மறுபடி காய்ச்சல் வந்தால் தையலை மட்டும் பார்க்காதீர்கள். விடாத விக்கலும் தோள்வலியும் என்றால் உதரவிதானத்தின் கீழ் சீழ் கட்டியிருக்கலாம்; சளிபோல் அடிக்கடி மலம் போனால் இடுப்புக்குழியில். ரைல்ஸ் ட்யூபிலோ, வயிற்றுக்குள் தேங்கும் நீரை வெளியேற்ற வைத்த ட்ரெய்ன் குழாயிலோ பித்தநீர் நிறத்தில் வருவதையும் பிரித்து எழுதுங்கள்: ட்ரெய்னில் வந்தால் தைத்த இடம் கசிகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது அல்சருக்குக் காரணமான ஹெச். பைலோரி கிருமிக்கான பரிசோதனைத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கிருமி இருந்தால் 14 நாள் மருந்தை முழுதாக முடிக்க வேண்டும். ஓட்டை இரைப்பையில் என்றால், ஆறு முதல் எட்டு வாரத்தில் எண்டோஸ்கோபி செய்து புற்றுநோய் இல்லை என்றும் பார்க்க வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்டுத்தான்.