காலவுணர்வுக்கு ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

time perception, அதாவது நேரம் போவதை மனிதர் எப்படி உணர்கிறார்கள் என்று ஆராயும் துறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்கும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேரவுணர்வு, காலக்கணிப்பு, காலப்புலனுணர்வு என்று மூன்று சொற்கள் முன்னால் இருக்கின்றன. "அவனுக்கு நேரவுணர்வே கிடையாது" என்றால், எங்கும் தாமதமாக வருகிறவன் என்றுதான் காதில் விழும். காலக்கணிப்பு என்றதும் கல்வெட்டும் பஞ்சாங்கமும் நினைவுக்கு வரும். மூன்றாவதை முன்வைத்த ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: புலன் என்றால் அதற்கொரு பொறி வேண்டும். ஒளிக்குக் கண் இருக்கிறது, ஒலிக்குச் செவி இருக்கிறது. காலத்துக்கென்று உடலில் ஓர் உறுப்பு இல்லை. இந்தத் துறையின் அடிப்படைப் புதிரே அதுதான். துறைக்குப் பொதுப்பெயராகக் காலவுணர்வு போதும் என்று நினைக்கிறேன்.

என் கவலை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஒரே பெயருக்குள் இரண்டு அனுபவங்களை அடைத்துவிடுகிறோம்.

சென்ற மாதம் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். மூன்று இரவும் பக்கத்தில் இருந்தேன். முதல் இரவு, "இன்னும் பொழுது விடியலையா?" என்று கேட்டார். மணி 2:10. இல்லை என்று சொல்லி, நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன். கொஞ்சம் கழித்து மறுபடி, "எவ்வளவு நேரமாச்சு, இன்னுமா விடியலை?" என்றார். மணி 2:21. அந்தப் பதினோரு நிமிடம் அவருக்கு அரை இரவு. உடம்பு தேறிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்க வந்தபோது அவரே சொன்னார்: "அந்த மூணு நாளும் எங்கே போச்சுன்னே தெரியலை. படுத்தேன், எழுந்தேன், அவ்வளவுதான்."

இரண்டுமே உண்மை. நகரும்போது நகராத நேரம், திரும்பிப் பார்க்கும்போது சுருங்கிக் கிடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதைத் தெளிவாக எழுதினார்: புதுப்புது அனுபவங்கள் நிறைந்த நேரம் போகும்போது குறுகியும் பின்னால் நினைக்கையில் நீண்டும் தோன்றும், வெறுமையான நேரம் அதற்கு நேர்மாறு. பிற்காலத்து ஆய்வாளர்கள் நேரம் போகிற விதத்தையும் ஆன அளவையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். "நேரம் எப்படிப் போனது?" என்பது ஒரு கேள்வி, "எத்தனை நிமிடம் ஆனது?" என்பது வேறு கேள்வி.

காய்ச்சல் என்றதும் அமெரிக்க உடலியலாளர் ஹட்சன் ஹோக்லண்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் மனைவி காய்ச்சலில் கிடந்தார். மருந்து வாங்கச் சிறிது நேரம் வெளியே போய்வந்த கணவரை, வெகுநேரம் விட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைத்தார். ஹோக்லண்ட் அவரை நொடிக்கு ஒன்று வீதம் 60 வரை எண்ணச் சொல்லி, கடிகாரத்தோடு ஒப்பிட்டார். காய்ச்சல் ஏற ஏற எண்ணும் வேகமும் ஏறியது. உடலுக்குள் ஒரு வேதிக் கடிகாரம் ஓடுகிறது என்ற கருத்தை இதிலிருந்து 1933இல் வெளியிட்டார். உள்கடிகாரம் விரைந்தால் வெளியே கடிகார முள் நத்தையாகிவிடும். அம்மா விடியலைத் தேடியதை நினைத்துக்கொண்டேன்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். நேரம் போகிற விதத்தை உணர்வதற்குப் பொழுதோட்டவுணர்வு, எவ்வளவு ஆனது என்ற மதிப்புக்குக் காலவளவுணர்வு. பொழுது வேண்டாம், அது பொழுதுபோக்கை நினைவூட்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதுவே பலமாகத் தெரிகிறது. பொழுது என்பது தமிழில் போகிற பொருள். போகும், போகாது, விடியும், சாயும். முதற்பொருளாக நிலத்தோடு தொல்காப்பியம் வைத்ததும் பொழுதைத்தான். நீண்ட நேரத்துக்கு மட்டும் உரியது என்றும் சொல்ல முடியாது. இப்பொழுது, அப்பொழுது என்று ஒரு கணத்துக்கும் அதே சொல் நிற்கிறது. பிரிவில் இருப்பவர்க்கு "ஒருநாள் எழுநாள்போல் செல்லும்" என்கிறது குறள் (1269). 'ஆகும்' என்றில்லை, 'செல்லும்' என்றிருக்கிறது. அந்த ஓட்டத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஓரிடத்தில் தடுக்கி விழக்கூடும் என்பதால் இதையும் எழுதுகிறேன். கால அளவை மதிப்பிடும் சோதனைகளில் இரு வகை உண்டு. ஒன்றில், நேரத்தைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். மற்றதில் முடிந்த பிறகு திடீரென்று கேட்பார்கள். முதல் வகைக்கு ஆங்கிலத்தில் prospective என்று பெயர். அதை அகராதி பார்த்து 'எதிர்நோக்கு' என்று எழுதினால் வருங்காலத்தைப் பற்றியது என்று மாணவர் எண்ணுவார். முன்னதில் வேலை செய்வது கவனம், பின்னதில் நினைவு. ஆகவே *முன்னறிவித்த மதிப்பீடு*, *நினைவுவழி மதிப்பீடு* என்று வைக்கலாம். நினைவுவழி மதிப்பீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மிஷேல் சிஃப்ர் 1962இல் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகைக்குள் இரண்டு மாதம் இருந்துவிட்டு, செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. ஒன்றுபோலவே கழிந்த இருட்டு நாட்களில் 25 நாள் காணாமல் போயிருந்தது. பிடித்துவைக்க நினைவுக்கு அங்கே அடையாளம் எதுவும் இல்லை.

இன்னும் ஒன்றுக்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. சுவர்க்கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பார்த்தால் நொடிமுள் ஒரு கணம் நின்றுவிட்டு அப்புறம் நகர்வதுபோல் தோன்றுமே, அது. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் தாவும் இடைவெளியை மூளை பின்னால் நிரப்பிக்கொள்வதால், முதல் நொடி நீண்டு தெரிகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். 'நொடித்தேக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். கடிகாரமே பழுது என்று பொருள் வந்துவிடுமோ என்று அடித்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.