புரொஜெக்டர் படம் அடிக்கடி கறுத்துவிடுகிறது, சனிக்கிழமை கருத்தரங்கு, அவசரம்

பெர்ஜுந்தை_பையன்:
வணக்கம். சனிக்கிழமை எங்கள் ஊர் மண்டபத்தில் செம்பனைத் தொழில்நுட்பக் கருத்தரங்கு நடக்கிறது. பேச்சாளர்களின் லேப்டாப், மைக், புரொஜெக்டர் எல்லாம் என் பொறுப்பு. இன்று ஒத்திகை பார்த்தபோது படம் திடீரென்று கறுத்துப்போகிறது, இரண்டு மூன்று விநாடியில் தானாகத் திரும்பி வருகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போகிறது. எல்லா லேப்டாப்பிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். புரொஜெக்டர் புதுசு, கேபிளும் நல்ல கேபிள்தான். பேச்சாளர்கள் செர்டாங்கிலிருந்தும் பாங்கியிலிருந்தும் வருகிறார்கள். ஒருவர் கானோடெர்மா நோய் பிடித்த மரங்களை ட்ரோன் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசப்போகிறார், திரை போய்விட்டால் அவருக்குப் பேச ஒன்றுமே இல்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கிளாங்_குமுதா:
தம்பி, எந்த லேப்டாப்பில் வருகிறது, எதில் வரவில்லை? நேராக எச்டிஎம்ஐ சொருகினீர்களா, இல்லை நடுவில் அடாப்டர் இருக்கிறதா? கேபிள் எத்தனை மீட்டர்? புரொஜெக்டர் என்ன மாடல்? இதெல்லாம் தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ரவாங்_வயர்மேன்:
இது கரண்டுப் பிரச்சினை. நான் எத்தனையோ மண்டபத்தில் பார்த்துவிட்டேன். பழைய மண்டபத்தில் ஏர்கோன், குளிர்பெட்டி, மேடை விளக்கு எல்லாம் ஒரே லைனில் இருக்கும். கம்ப்ரெஸர் எடுக்கும்போது வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும், புரொஜெக்டர் அதைத் தாங்காது. ஒரு யூபிஎஸ் வைத்துவிட்டால் முடிந்தது கதை. ஏர்கோன் எடுக்கும் நேரத்தில்தான் கறுக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள் அண்ணே.

மேடை_மூத்தவன்:
வயர்மேன், வோல்டேஜ் இறங்கினால் புரொஜெக்டர் அணைந்துவிடும், விளக்கு ஆறி மறுபடி எழும்ப நேரம் பிடிக்கும். இரண்டு விநாடியில் படம் திரும்பி வருகிறது என்றால் புரொஜெக்டருக்குக் கரண்டு போகவே இல்லை, சிக்னல்தான் அறுந்து சேர்கிறது. இது பாலபாடம். தம்பி, "நல்ல கேபிள்" என்பது ஒரு விவரமே இல்லை. உதவி கேட்கிறவர் முதலில் ஒரு தாளை எடுத்து என்ன பெட்டி, என்ன வயர், எத்தனை நீளம் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெர்ஜுந்தை_பையன்:
என் லேப்டாப் பழசு, அதில் பிரச்சினை இல்லை. அக்காவின் மகன் புது லேப்டாப் கொண்டுவந்தான், யூஎஸ்பி-சி அடாப்டர் போட்டு அதில் பார்த்தபோதுதான் கறுத்தது. ஆசிரியர் ஒருவரின் மேக்கிலும் அதே கதை. அதுவும் அடாப்டர்தான். வயர்மேன் அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு உட்கார்ந்து கவனித்தேன், ஏர்கோன் எடுக்கும்போதுதான் பெரும்பாலும் போகிறது!

ரவாங்_வயர்மேன்:
பார்த்தீர்களா!

கித்தா_காடு:
மேக், புது லேப்டாப் என்றால் அது எச்டிசிபி. படம், நிகழ்ச்சி திருடாமல் இருக்க வைத்த பூட்டு அது. புரொஜெக்டரும் லேப்டாப்பும் சாவியை மாற்றிக்கொள்ள முடியாமல் திணறினால் திரை கறுத்துவிடும். நடுவில் ஒரு ஸ்பிளிட்டர் வாங்கிப் போடுங்கள், போய்விடும்.

கிளாங்_குமுதா:
எச்டிசிபி என்றால் பூட்டு உள்ள வீடியோ ஓடும்போதுதான் தகராறு செய்யும், அதுவும் பெரும்பாலும் கறுத்தது கறுத்தபடியே நிற்கும். ஏர்கோன் எடுக்கிற நேரத்தை அது எப்படித் தெரிந்துகொள்ளும்? அடாப்டர் மேல்தான் முதலில் எனக்கும் சந்தேகம் வந்தது, ஆனால் வேறு வேறு அடாப்டரில் ஒரே மாதிரி நடக்கிறது என்றால் இரண்டுக்கும் பொதுவாக உள்ளது கேபிள்தான். தம்பி, மூன்றாவது முறை கேட்க வைக்காதீர்கள், கேபிள் எத்தனை மீட்டர்?

பெர்ஜுந்தை_பையன்:
மேடை மூலையிலிருந்து பின்சுவர் வரை சுவரோரமாகப் போகிறது, கம்பளத்துக்கு அடியில். கடைக்காரர் 25 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தார். புரொஜெக்டர் பெட்டியில் 4கே ஆதரவு என்று போட்டிருக்கிறது.

மேடை_மூத்தவன்:
இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். இப்போது கேளுங்கள்.

உங்கள் புரொஜெக்டர் 4கே (3840க்கு 2160 புள்ளி) சிக்னலை ஏற்றுக்கொள்ளும், ஆனால் உள்ளே படத்தை உருவாக்கும் சில்லு பெரும்பாலும் 1080பி-தான் (1920க்கு 1080 புள்ளி), பெட்டியில் சின்ன எழுத்தில் பாருங்கள். லேப்டாப் சொருகியதும் புரொஜெக்டர் தன்னால் என்னென்ன ஏற்க முடியும் என்று ஒரு பட்டியலைச் சொல்லும், அதற்கு ஈடிஐடி என்று பெயர். புது லேப்டாப்பும் மேக்கும் அந்தப் பட்டியலில் பெரியது எதுவோ அதைப் பிடித்துக்கொள்கின்றன, அதாவது 4கே, விநாடிக்கு 30 படம். உங்கள் பழைய லேப்டாப் 1080பி-யோடு நின்றுவிடுகிறது. 1080பி விநாடிக்கு 60 படம் என்றால் எச்டிஎம்ஐ கடிகாரம், அதாவது கேபிளில் புள்ளிகள் ஓடும் வேகம், 148.5 மெகாஹெர்ட்ஸ். 4கே 30 என்றால் 297, சரியாக இரு மடங்கு. செம்பு வயரில் வேகம் கூடக்கூட சிக்னல் தேய்வதும் கூடும். 25 மீட்டர் சாதாரண செம்புக் கேபிளில் 1080பி-யே விளிம்பில்தான் நிற்கும், 4கே தாங்காது. அப்படி விளிம்பில் நிற்கிற சிக்னலை ஏர்கோன் எழுப்பும் ஒரு சின்ன மின்துடிப்பு தட்டிவிட்டால் போதும், புரொஜெக்டர் பிடியை விட்டுவிடும், மறுபடி பிடிக்க இரண்டு மூன்று விநாடி ஆகும்.

ரவாங்_வயர்மேன்:
அப்படியென்றால் ஏர்கோனும் காரணம்தானே.

மேடை_மூத்தவன்:
தூண்டுதல் ஏர்கோன். காரணம் கேபிள். யூபிஎஸ் வாங்க வேண்டாம்.

கிளாங்_குமுதா:
வயர்மேன் சொன்னதை ஒதுக்கிவிட வேண்டாம். ஏர்கோனைக் கவனிக்கச் சொன்னவர் அவர்தான், அதில்தான் விஷயம் பிடிபட்டது. தம்பி, அந்தக் கம்பளத்துக்கு அடியில் எச்டிஎம்ஐ கேபிளோடு கரண்டு எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து ஓடுகிறதா? ஓடினால் முதலில் இரண்டையும் பிரியுங்கள். எதிர்ச்சுவரோரம் ஒன்றைக் கொண்டுபோங்கள். குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி வெட்டட்டும், ஒட்டிக்கொண்டு நீளமாக ஓடக் கூடாது.

அடுத்தது, லேப்டாப்பில் 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். விண்டோஸில் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்ப்ளே அமைப்பில் 1080 என்று மாற்றியும் கேபிளில் 4கே-யே போய்க்கொண்டிருக்கலாம். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்தால் இரண்டு வரி தெரியும்: ஒன்று டெஸ்க்டாப் மோட், இன்னொன்று ஆக்டிவ் சிக்னல் மோட். இரண்டாவது வரியில் 1080 வந்தால்தான் கணக்கு. வரவில்லை என்றால் அங்கேயே அடாப்டர் பிராப்பர்ட்டீஸ், லிஸ்ட் ஆல் மோட்ஸ் என்று போய் அதில் 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். பேச்சாளர் ஒவ்வொருவரும் மேடையில் ஏறிய பிறகு இதைச் செய்ய முடியாது, தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவரையும் பிடித்து முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

தெலுக்_இந்தான்_ஒலி:
இவ்வளவு எதற்கு? ஒரே லேப்டாப் வையுங்கள், 1080-இல் பூட்டிவிடுங்கள், எல்லாருடைய கோப்பையும் முந்தின நாளே வாங்கி அதில் போட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒரு லேப்டாப் மாற்றிக்கொண்டிருந்தால் பேச்சு நேரத்தில் பாதி வயர் பிடுங்குவதிலேயே போய்விடும்.

கித்தா_காடு:
அது சரிவராது. பேச்சாளருக்குத் தன் லேப்டாப்தான் கைவாகு. குறிப்புகள் அதில்தான் இருக்கும். ட்ரோன் படம் காட்டுகிறவர் தன் மென்பொருளிலேயே பெரிதாக்கிச் சின்னதாக்கிக் காட்டுவார், அதை உங்கள் லேப்டாப்பில் எப்படி நிறுவுவீர்கள்? சிலர் பேச்சுக்கு முந்தின நிமிஷம் வரை ஸ்லைடைத் திருத்துகிற ஆட்கள், முந்தின நாள் கோப்புக் கேட்டால் கொடுக்கவும் மாட்டார்கள்.

தெலுக்_இந்தான்_ஒலி:
கொடுக்காதவரைக் கடைசியில் பேச வையுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் நேரம் இருக்கிறது. தோட்டத்து வேலையை விட்டு ஒரு நாள் வருகிறார்கள்.

பாங்கி_ஆய்வாளர்:
பேச்சாளர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரே லேப்டாப்பில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் எழுத்துரு? என் தமிழ் ஸ்லைடுகளை வேறு கணினியில் திறந்தால் எழுத்து மாறி வரி உடைந்து, படத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். இன்னும் சில மூத்தவர்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பழைய ஸ்லைடுகளை வைத்திருக்கிறார்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில் தமிழ் பேச்சாளரின் ஸ்லைடு மேடையில் இப்படி நிற்பதைப் பார்க்க மனசு வலிக்கிறது.

தெலுக்_இந்தான்_ஒலி:
பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்து அசையாது.

பாங்கி_ஆய்வாளர்:
பிடிஎஃபில் வீடியோ ஓடாதே. பவர்பாயிண்டில் சேமிக்கும்போது எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கச் சொல்லலாம், விருப்பங்களில் சேமி பகுதியின் அடியில் இருக்கிறது. எல்லா எழுத்துருவும் அதற்கு இடம் கொடுக்காது. நான் இரண்டையும் அனுப்புவேன், பவர்பாயிண்டும் பிடிஎஃபும், வீடியோவைத் தனிக்கோப்பாகவும். ஏற்பாட்டாளர்கள் அழைப்புக் கடிதத்திலேயே இதைக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். கேட்பதே இல்லை.

கித்தா_காடு:
கேட்டாலும் வராது என்றுதான் சொல்கிறேன்.

மேடை_மூத்தவன்:
இழை எங்கேயோ போகிறது. தம்பிக்கு வேண்டியது சனிக்கிழமைக்கு வழி. 1080-க்கு இறக்கினாலும் 25 மீட்டர் செம்பை நம்பி நான் ஒரு கருத்தரங்கை நடத்த மாட்டேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள். அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் அச்சிட்டிருக்கும், மாற்றிச் சொருகினால் படமே வராது. கம்பளத்துக்கு அடியில் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எச்டிஎம்ஐ சிக்னலை நெட்வொர்க் வயரில் அனுப்பும் எச்டிபேஸ்டி பெட்டி ஒரு ஜோடி, நடுவில் கேட்6 நெட்வொர்க் வயர், 1080பி-க்கு 100 மீட்டர் வரை போகும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் தேடினால் இரண்டும் கிடைக்கும். பணம் இல்லை என்றால் புரொஜெக்டரை முன்னால் கொண்டுவந்து மேசையில் வையுங்கள், குட்டைக் கேபிள் போதும், இரண்டு வரிசை நாற்காலி போகும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒயர்லெஸ் மைக் பழசா? நம் நாட்டில் அனலாக் தொலைக்காட்சி 31 அக்டோபர் 2019-உடன் முழுதாக நின்றது, அந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இப்போது கைப்பேசி அலை ஓடுகிறது. உங்கள் மைக்கின் பின்னால் 7-இல் தொடங்கும் மெகாஹெர்ட்ஸ் எண் இருந்தால் கூட்டம் நிறைந்த பிறகு இரைச்சல் வரலாம். கையில் ஒரு வயர் மைக் தயாராக இருக்கட்டும்.

தெலுக்_இந்தான்_ஒலி:
மைக் விஷயத்தில் மூத்தவன் சொல்வது நூற்றுக்கு நூறு. காலி மண்டபத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எல்லாருடைய பாக்கெட்டிலும் கைப்பேசி வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

கிளாங்_குமுதா:
தம்பி, என்ன ஆயிற்று?

கிளாங்_குமுதா:
சனிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள், நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம்.

பெர்ஜுந்தை_பையன்:
மன்னிக்கவும், மண்டபத்திலேயே இருக்கிறேன். ஆக்டிவ் சிக்னல் மோட் 3840 என்றுதான் இருந்தது, 1080-க்கு இறக்கி வயரையும் பிரித்த பிறகு கறுக்கவில்லை, ஏர்கோனை வேண்டுமென்றே அணைத்து அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. ஈஜோக்கில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் ஒளியிழை கேபிள் இரவல் தருகிறார். மைக்கைத் திருப்பிப் பார்த்தேன், 7-இல்தான் தொடங்குகிறது, வயர் மைக் எடுத்து வைத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மேடை_மூத்தவன்:
ஒளியிழையை மடித்துச் சொருகிவிடாதீர்கள், வளைவு அகலமாக இருக்கட்டும். கதவு மூடும் இடத்தில் போடாதீர்கள்.

ரவாங்_வயர்மேன்:
அந்த எக்ஸ்டென்ஷனையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மாற்றிவிடுங்கள் அண்ணே, கம்பளத்துக்கு அடியில் சூடான வயர் கூடாது.

புக்கிட்_ரோத்தான்_செல்வி:
எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் இதே மாதிரிதான், நாங்கள் புரொஜெக்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் ஆசிரியர் பயிலரங்கு இருக்கிறது. ஈஜோக் அண்ணனின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? வாடகை கொடுத்துவிடுகிறோம்.