பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலிகளுக்கும் கூகுளிடம் பதிவு தேவையா?

கட்டற்றகளம்:
2025 ஆகஸ்டில் கூகுள் வெளியிட்ட அறிவிப்பைப் பற்றி இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டுக் கைபேசியில் ஒரு செயலியை எந்த வழியில் நிறுவினாலும், அதை உருவாக்கியவர் தமது சட்டப்படியான பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கூகுளிடம் பதிந்து, தமது செயலியின் அடையாளப் பெயரையும், அது தம்முடையதே என்று காட்டும் இரகசியக் கையொப்பச் சாவியையும் அந்தப் பதிவோடு இணைத்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் இது விரியும் என்று அறிவித்தார்கள். இணையத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவப்படும் செயலிகளில், பிளே ஸ்டோரில் இருப்பதைவிட ஐம்பது மடங்குக்கும் மேலாகத் தீநிரல் (தீங்கு செய்ய எழுதப்பட்ட நிரல்) இருப்பதாகக் காரணமும் சொன்னார்கள்.

பிளே ஸ்டோரில் செயலியை வைப்பவர்கள் அதன் விதிகளுக்கு உட்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தக் கடைக்கே போகாதவரும் அந்தக் கடைக்காரரிடம் பெயர் கொடுத்துவிட்டுத்தான் தம் நிரலைப் பிறருக்குத் தரலாம் என்பது எந்த வகையில் நியாயம்? கட்டற்ற செயலிகளை வழங்கும், 2010 முதல் இயங்கிவரும் எஃப்-டிராய்டு தளம், செயலிகளின் மூலநிரலைத் தானே தொகுத்து, பெரும்பாலானவற்றைத் தன் சாவியால் கையொப்பமிட்டு, பயனரைப் பின்தொடரும் கூறுகள் இருந்தால் வெளிப்படையாகக் குறித்து வழங்குகிறது. பிறர் எழுதிய செயலிகளின் பெயர்களைத் தன்னுடையவை என்று பதிந்துகொள்ள அதனால் இயலாது, எழுதியவர்களைப் பதிவுசெய்யுமாறு கட்டாயப்படுத்தவும் இயலாது. இந்த விதி தங்கள் திட்டத்தையே முடித்துவிடும் என்று அவர்கள் 2025 செப்டம்பரில் எழுதியதை வெறும் அச்சமாக ஒதுக்க என்னால் முடியவில்லை.

வங்கிமேசை:
நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பணம் இழந்தவர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சலான் என்றும் பெயரிட்ட ஏபிகே கோப்புகள் (ஆண்ட்ராய்டுச் செயலியை நேரடியாக நிறுவும் கோப்புகள்) வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. நிறுவியதும் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெறுகிறது, ஓடிபி எண்களை வெளியே அனுப்புகிறது. அதே வேகத்தில் அந்தக் கைபேசியின் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கும் தன்னைப் பரப்பிக்கொள்கிறது. அடுத்தவருக்கு அந்தக் கோப்பு வருவது சித்தப்பாவின் எண்ணிலிருந்து. அவர் எப்படிச் சந்தேகிப்பார்? இணையக் குற்றங்களைப் புகாரளிக்கும் 1930 என்ற உதவி எண்ணை அவர் அழைக்கும்போது பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருக்கும்.

எச்சரிக்கைத் திரை காட்டினால் போதும் என்பார்கள். மோசடிக்காரன் தொலைபேசியில் கூடவே இருந்து, "இந்தத் திரை வரும், அதில் அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று வழிநடத்துகிறான். படித்துப் புரிந்துகொள்ளும் நிலையில் இருப்பவருக்குத்தான் எச்சரிக்கை உதவும். மிரட்டப்பட்டவரும் அவசரப்படுத்தப்பட்டவரும் அந்த நிலையில் இருப்பதில்லை.

நிரலோடை:
ஐயா சொல்லும் துயரம் முழுக்க உண்மை. ஆனால் அவருடைய விவரிப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது: தீங்கு நிகழ்வது கோப்பு நிறுவப்படும் நொடியில் அல்ல, குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியோ, திரையில் உள்ளதைப் படித்துப் பயனருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தக்கூடிய அணுகல்தன்மை அனுமதியோ கிடைக்கும் நொடியில்தான். ஆண்ட்ராய்டு இதுவரை சரியாகச் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்த இடத்தை நோக்கியே வந்தன. 2017இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு, "அறியப்படாத மூலங்கள்" என்ற ஒற்றைப் பொதுச் சுவிட்சை நீக்கி, எந்தச் செயலி வழியாக நிறுவலாம் என்பதைத் தனித்தனியே கேட்டது. 2022இன் பதின்மூன்றாம் பதிப்பு, வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு அணுகல்தன்மை அனுமதி எளிதில் கிடைக்காதவாறு தடுத்தது. 2024 பிப்ரவரியில் கூகுள், சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு முகமையோடு சேர்ந்து, உலாவியிலோ செய்திச் செயலியிலோ வந்த கோப்பு இத்தகைய அனுமதிகளைக் கோரினால் நிறுவலையே நிறுத்தும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அது பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. இவற்றில் எதற்கும் யாருடைய அடையாள அட்டையும் தேவைப்படவில்லை. இவ்வழியை இன்னும் கூர்மையாக்குவதற்கு மாறாக, எழுதியவர் யார் என்ற கேள்விக்குத் தாவியது ஏன் என்பதே என் கேள்வி.

சிங்கைவாசி:
அனுமதியை வைத்துத் தடுப்பதிலும் சிக்கல் உண்டு என்பதை நாங்கள் பார்த்தோம். இங்கே சிங்கப்பூரில் 2023இல் தீநிரல் வழி மோசடிகள் ஏறத்தாழ 1,900 பதிவாயின, இழப்பு 3.4 கோடி சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓசிபிசி வங்கி, வெளியிலிருந்து நிறுவிய, ஆபத்தான அனுமதி பெற்ற செயலி கைபேசியில் இருந்தால் தன் செயலியைத் திறக்க விடாமல் செய்தது. தீங்கற்ற செயலிகளை வைத்திருந்தவர்களும் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் முறையிட்டார்கள். பதிவு முறை இருந்தால், தெரிந்தவரின் செயலியையும் தெரியாதவரின் செயலியையும் பிரித்தறிய ஏதோ ஓர் அடிப்படையாவது கிடைக்கும்.

கட்டற்றகளம்:
பதிவு செய்தவர் நல்லவர் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பிளே ஸ்டோருக்குள்ளேயே ஜோக்கர் வகைத் தீநிரல் கொண்ட 1,700 செயலிகளை நீக்கியதாகக் கூகுளே 2020 ஜனவரியில் எழுதியது. வங்கிமேசை ஐயா அறியாததா? ஆதாரும் பான் அட்டையும் வாங்கித்தான் வங்கிகள் கணக்குத் தொடங்குகின்றன. ஆனாலும் மோசடிப் பணம் ஏழைகளின் பெயரில் உள்ள வாடகைக் கணக்குகள் வழியாகவே ஓடுகிறது. நாளை வாடகை நிரலாளர்களும் கிடைப்பார்கள். உண்மைப் பெயரைத் தர இயலாமல் வெளியேறப் போகிறவர், அடக்குமுறை ஆட்சியின் கீழ் மறைகுறியாக்கச் செயலி எழுதுபவராக இருப்பார்.

ஒரே நிறுவனத்தின் கையில் எல்லா வாசலும் இருப்பதன் விளைவையும் நினைவூட்டுகிறேன். 2024 மார்ச்சில், கட்டணத் தகராறு ஒன்றில், சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல இந்தியச் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகே அவை திரும்பின. அன்று அந்நிறுவனங்கள் தம் தளத்திலிருந்து ஏபிகே வழங்கும் வழியாவது திறந்திருந்தது. பதிவையும் அதே நிறுவனம் நீக்கலாம் என்றால் அந்த வழியும் அதன் விருப்பத்துக்கு உட்பட்டதாகிவிடும்.

வங்கிமேசை:
வாடகைக் கணக்கு உவமையை ஏற்கிறேன், ஆனால் அது என் பக்கமே சாய்கிறது. வாடகைக் கணக்கு என்பதால்தான் அதை முடக்க முடிகிறது, பெயர் தந்தவரை விசாரிக்க முடிகிறது, அடுத்த கணக்கைப் பிடிக்க அவர்களுக்குச் செலவும் நேரமும் ஆகின்றன. இன்று ஒரு தீநிரலைத் தடுத்தால், ஒரு மணி நேரத்தில் புதிய சாவியும் புதிய பெயருமாக அதுவே திரும்பி வருகிறது. அந்த மறுபிறப்பின் விலையை உயர்த்துவதே பதிவின் பயன்.

நிரலோடை:
விலையை உயர்த்துவது நல்ல நோக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2025 நவம்பரில் கூகுளும் சற்று இறங்கிவந்து, மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் எளிய பதிவும், ஆபத்தை அறிந்து ஏற்கும் பயனருக்குத் தனி வழியும் தருவதாகச் சொன்னது. அந்த வழியும் மோசடிக்காரனின் தொலைபேசி அழைப்புக்குள் முடிந்துவிடாதபடி, கால இடைவெளியோடு அமைய வேண்டும். எஞ்சியிருப்பது பதிவேட்டை யார் வைத்திருப்பது என்ற கேள்விதான். இணையதளங்களுக்கான பாதுகாப்புச் சான்றிதழ்களை ஒரே நிறுவனம் வழங்குவதில்லை. பல அமைப்புகள் வழங்குகின்றன, தவறு செய்த அமைப்பை உலாவிகள் கைவிடுகின்றன. செயலிகளுக்கும் அவ்வாறே பல பதிவகங்கள் இருக்கட்டும், எஃப்-டிராய்டும் அவற்றில் ஒன்றாகட்டும்.

வங்கிமேசை:
போலி வங்கித் தளங்களும் அத்தகைய சான்றிதழைப் பெற்றுவிடுகின்றன என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் பல பதிவகங்கள் என்பதை நான் எதிர்க்கவில்லை. ஒரு பதிவகம் முடக்கிய சாவியை மற்ற எல்லாப் பதிவகங்களும் சில மணி நேரத்துக்குள் முடக்கியாக வேண்டும், அதற்குத் தவறும் பதிவகம் தன் தகுதியை இழக்க வேண்டும். இவ்விரண்டும் எழுத்தில் வரும் வரை, புதிதாக விற்கப்படும் கைபேசிகளில், வெளியிலிருந்து செயலி நிறுவும் இந்த வாசல் மூடிய நிலையிலேயே வர வேண்டும் என்பது என் கருத்து.

கட்டற்றகளம்:
மூடிய நிலையில் வரட்டும் ஐயா, அதற்கு நான் உடன்படுகிறேன். ஆனால் அதைத் திறக்கும் சாவி கைபேசியை விலைகொடுத்து வாங்கியவரிடம் இருக்க வேண்டும். எவருடைய சேவையகத்தின் ஒப்புதலையும் கேட்காமல் அவர் அதைத் திறக்க முடிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.