இலங்கை மலையகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நேரமும் எண்ணிக்கையும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஸ்கெலியா பக்கம், முன்பள்ளி ஆசிரியை:

நேரம் சொல்லிக்கொடுக்க நிழல் விளையாட்டு நல்லது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். முற்றத்தில் குச்சி நட்டு, நிழல் நகர நகரக் கதை சொல்ல வேண்டுமாம். வெயில் அடிக்கிற ஊருக்கு நல்ல யோசனைதான். தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் பனிமூட்டத்தில் குச்சியே தெரியாது, நிழலுக்கு எங்கே போவது?

ஆனால் தேயிலைத் தோட்டத்தில் சத்தத்துக்குக் குறைவில்லை. விடியும் முன்னே கோயில் ஸ்பீக்கர், அப்புறம் பெக்டரி சங்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களின் பேச்சு, கொழுந்து லொறி, பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ. அதை வைத்தே ஒரு கதை கட்டினேன். பனியில் அம்மாவைத் தொலைத்த மரைக்குட்டி ஒன்று, கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் காதால் வழி தேடுகிறது. சத்தம் போடுவது பிள்ளைகளின் வேலை. நான் வேண்டுமென்றே வரிசையைக் குழப்புவேன்: "பாண் ஓட்டோ வந்துச்சு, அப்புறம் எல்லாரும் பெரட்டுக்குப் போனாங்க." உடனே வகுப்பே எழுந்து நின்று கத்தும். எது முன்னால், எது பின்னால் என்பது பிடிபடாத பிள்ளைக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்து ஒரு பலனும் இல்லை. "நாளைக்கு மாமா வந்தாங்க" என்று சொல்கிற வயசு அது.

எண்ணிக்கைக்குக் கொழுந்து மடுவம் விளையாட்டு, கொழுந்து நிறுக்கிற இடம் மாதிரி. வேலியோரத்துச் செடியில் இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளிக் கூடையில் போட வேண்டும். ஒருவன் கணக்கப்பிள்ளை. கூடை கூடையாக எண்ணிக்கொண்டு வந்தவன், எல்லாக் கூடையிலிருந்தும் இரண்டை எடுத்துத் தனியாக வைத்தான். "ஏன்டா?" என்றால், "ஈரத்துக்கு டீச்சர்" என்கிறான். கொழுந்தில் ஈரம் என்று சொல்லி நிறையில் கழிப்பார்களே, அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வீட்டில் கேட்ட பேச்சு. பக்கத்தில் இருந்த பிள்ளை விடவில்லை, "நான் எடுத்தது பத்து, பத்துன்னு எழுது" என்று சண்டைக்கு நின்றாள். நான் தடுக்கவில்லை. பத்தில் இரண்டு போனால் எட்டு என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது, கொஞ்சம் கோபத்தோடு.

அப்புத்தளையிலிருந்து, ஓர் அம்மா:

டீச்சர், உங்கள் கணக்கப்பிள்ளையை நினைத்துச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. என் மகனுக்கு நாலரை வயது. போனைப் பார்த்து நூறு வரை ஒப்பிப்பான். சொந்தக்காரர்கள் வந்தால் நிற்க வைத்துச் சொல்லச் சொல்வோம், பெருமைதான். ஒரு நாள் "ஆறு தட்டு எடுத்து வா" என்றேன். கையில் பிடித்த மட்டும் அள்ளிக்கொண்டு வந்தான். எண்ணச் சொன்னால் தட்டை விட வாய் வேகமாக ஓடுகிறது. நாலு தட்டுக்கு ஏழு வரை வந்துவிட்டான். நடுவில் சிங்களத்தில் "துன, ஹதர" (மூன்று, நாலு) வேறு. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடுகிறவன். அதை நான் திருத்தப் போவதில்லை, இரண்டும் வரட்டும். தட்டுக்கு என்ன செய்வது?

பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தங்கச்சி, ஒப்பிப்பதும் எண்ணுவதும் வேறு வேறு. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று கை போக வேண்டும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்றும் பிடிபட வேண்டும். எண்ணி முடித்ததும் "அப்போ எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினால் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். தட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடியுங்கள். சாப்பிட உட்கார்ந்தவர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு வைக்கட்டும், தட்டு இல்லாமல் போகிறவர் பொய்யாக அழட்டும். ரயிலில் தெமோதரைப் பக்கம் போனால் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். ரயிலுக்குள் இருந்து முடியாது, இறங்கி எதிர்ச் சரிவில் நின்றுதான் எண்ண வேண்டும்.

நேரம் என்றதும் 1996 ஞாபகம் வருகிறது. மழை பொய்த்து மின்சாரத் தட்டுப்பாடு வந்ததால் மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் எடுத்தார்கள், மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் சரியானது. 'பழைய மணி', 'புது மணி' என்று வீட்டுக்கு வீடு இரண்டு கணக்கு. எது உண்மையான மணி சேர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சேவலுக்கு இன்னும் சுற்றறிக்கை போகவில்லை என்றேன். பெரியவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொள்வதுதான் மணி என்று அதற்கு மேல் எப்படி விளக்குவது?

ஹட்டனிலிருந்து, ஒரு சித்தி:

அக்கா குவைத்தில் வீட்டு வேலை. அவள் மகள் எங்களிடம் வளர்கிறாள். இங்கே இரவு எட்டரை, பிள்ளை போர்வைக்குள். வீடியோவில் அம்மாவுக்குப் பின்னால் வெயில் அடிக்கிறது! அங்கே அப்போது ஆறு மணிதான். "அம்மாவுக்கு ஏன் இருட்டல?" என்று தினமும் கேள்வி. எங்கள் அம்மா ஒரு கதை சொன்னார்: சூரியனுக்கு இரண்டு இடத்தில் வேலை, நம் மலையில் முடித்துவிட்டு அம்மா ஊருக்கு நடந்து போகிறது, போய்ச் சேர இரண்டரை மணித்தியாலம். பிள்ளை இப்போது "சூரியன் எங்க போயிருக்கும்?" என்று கேட்டு, விரல் மடக்கி எண்ணுகிறாள். அம்மா வரும் நாளைக் கேட்டால்தான் எங்களிடம் கதை இல்லை. தீபாவளிக்குப் பரவாயில்லை, பௌர்ணமி கழித்து எத்தனை தூக்கம் என்று புளியங்கொட்டை போட்டு எண்ணிவிடலாம்.

மஸ்கெலியா பக்கம், முன்பள்ளி ஆசிரியை:

சித்தி, அந்தச் சூரியன் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன். என் வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு.

சேர், பாதி பற்றியும் சொல்ல வேண்டும். ரொட்டியைப் பிய்த்து 'அரை' காட்டினேன். ஒரு பிள்ளை, "எங்கம்மாவுக்கு நேத்து அரைப் பேர்" என்றாள். ஒரு நாள் கூலியைத் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள். சரி, நல்ல உதாரணம் என்று, "அப்போ அம்மா அரை நாள்தானே வேலை செஞ்சாங்க?" என்றேன். "இல்ல டீச்சர், சாயங்காலம்தான் வந்தாங்க. கிலோ பத்தலயாம்." ஐந்து வயது. நாள் முழுசு, கூலி பாதி. நான் ரொட்டியைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விட்டேன்.

கடிகாரம் எப்போது தொடங்குவது என்று உள்பெட்டியில் இருவர் கேட்டிருந்தீர்கள். அட்டையில் செய்த கடிகாரம் போதும், சின்ன முள் மட்டும். அது ஏழைத் தாண்டிவிட்டது, எட்டை நெருங்குகிறது என்று சொல்லத் தெரிந்தால் இந்த வயசுக்கு நிறைய. மேற்பார்வைக்கு வந்தவர் பெரிய முள் எங்கே என்று கேட்டார். ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அங்கே கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.