புதுப்பிப்பு: திருகோணமலையில் சாடி ஸ்ட்ரோபெரி, இலை கருகல் நின்றது

பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த கன்றுகளின் இலை ஓரம் கருகுகிறது என்று கேட்டிருந்தேன். வெயில்தான் என்று பலர் சொன்னீர்கள்; நிழல் வலை கட்டியும் நிற்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உவரா பாருங்கள் என்று ஒருவர் எழுதியதுதான் சரியாக வந்தது. ஸ்ட்ரோபெரி உப்பைத் தாங்காது. சாடியின் அடித்துளையால் வழிய வழிய மழைத்தண்ணீர் ஊற்றினேன். புதிதாகப் போட்ட தென்னந் தும்புத்தூளையும் நன்றாக அலசினேன், அதிலும் உப்பு இருக்கும். அப்புறம் வந்த குருத்துகள் நுனிவரை பச்சை. மாரியில் பூத்துக் காய்த்தது. பழம் சுண்டுவிரல் நுனி அளவுதான், வாசம் மட்டும் வீடு முழுக்க. எதிர்பாராதது: கச்சான் காற்று (சூடான தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் பூ நின்று, ஓடுகொடியாக விடுகிறது. அவற்றைச் சின்னச் சாடிகளில் பதித்திருக்கிறேன். பழம் சிவக்குமுன் வலை போடுங்கள், அணில் விடாது.