நாயின் இமையில் கட்டி: வீட்டிலுள்ள கண் சொட்டை விடலாமா?

கேள்வி (தலவாக்கலை)
பெண் நாய், 10 வயது, 9 கிலோ. இடது மேல் இமை விளிம்பில் கடுகளவாக இருந்தது மூன்று மாதத்தில் மிளகளவாகிவிட்டது. முதலில் உண்ணி என்று நினைத்தோம். இப்போது கண்ணில் நீர் வடிகிறது, காலையில் பீளை, கண்ணைச் சுருக்குகிறது. டெக்ஸாமெதசோன் கலந்த சொட்டு வீட்டில் இருக்கிறது. விடலாமா?

பதில் (கண்டி)
விடாதீர்கள் அண்ணன். கண்ணைச் சுருக்கினால் கட்டி உரசிக் கருவிழி புண்ணாகியிருக்கலாம். டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டீரொய்ட், அது அந்தப் புண்ணை ஆறவிடாது, கண்ணே ஓட்டையாகலாம். மிருக வைத்தியர் ஃப்ளோரசீன் சாயம் வைத்துப் பார்க்கட்டும். புண் உள்ள இடம் பச்சையாகத் தெரியும்.

உண்ணி என்றால் டோர்ச் அடித்தால் தோலோடு ஒட்டி சிறு கால்கள் தெரியும். கால் இல்லையென்றால் பிடுங்கவே வேண்டாம். வயதான நாய்க்கு இந்த இடத்தில் வருவது பெரும்பாலும் மைபோமியன் சுரப்பி (இமை விளிம்பில் எண்ணெய் சுரப்பது) கட்டி, அநேகமாகச் சாதுவானது, அதாவது புற்றல்ல. வெளியே தெரிவது தலை மட்டும். இமையைப் புரட்டினால் உட்புறம் வேர் தடித்திருக்கும். நூல் கட்டி விழவைத்தால் திரும்ப வளர்வது அதனால்தான். மருவுக்குத் தடவுகிற சுண்ணாம்பை நினைத்தும் பார்க்காதீர்கள், கருவிழி வெந்துவிடும்.

கேள்வி (தலவாக்கலை)
நிறம் கறுப்பு. புற்றா?

பதில் (கண்டி)
நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, சாதுவானதும் கறுக்கும். வேகமாக வளர்வது, புண்ணாவது, ஒரே நாளில் வீங்கி வற்றுவது, தாடைக்கடியில் நெறிகட்டுவது: இவைதான் ஆபத்து. அப்படியென்றால் வெட்டுமுன் கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். வெட்டியதை 10% ஃபோமலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பதில் (பேராதனை)
தள்ளிப்போடாதீர்கள். கட்டி இமை நீளத்தில் மூன்றிலொன்றுக்குள் இருக்கும்வரை அந்த இடத்து இமையை முழுத் தடிப்பாக வெட்டி நேராகத் தைக்கலாம். அதைத் தாண்டினால் பக்கத்துத் தோலை இழுத்து இமையையே கட்ட வேண்டும். தையல் இரண்டு அடுக்கு. விளிம்பில் எட்டு வடிவத் தையல், முடிச்சு கருவிழியில் படக்கூடாது. விளிம்பு ஒட்டும் இடம் மேடுபள்ளமாகப் படி விழுந்தால் வாழ்நாள் முழுக்க உரசும்.

10 வயது என்பதால் மயக்கத்துக்கு முன் ஈரல், சிறுநீரக இரத்தப் பரிசோதனை. முந்தைய இரவு சாப்பாட்டோடு நிறுத்துங்கள், தண்ணீர் காலைவரை கொடுக்கலாம். வழியில் வரும் கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளுக்கும் வெறும் வயிறு நல்லது! பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையில் காட்டலாம். தையல் பிரிக்க 10–14 நாள். அதுவரை கழுத்துக் கூம்பைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றாதீர்கள். பின்னங்காலால் ஒரு பிறாண்டு போதும்.